பிள்ளைப்பேறும் பிறர் சொல்லும்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வழக்கம்போல் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் கூடியிருந்தோம். பேசுவதற்கென்று எடுத்துக்கொண்டது ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஆனால் அன்று எங்களோடு வந்திருந்த இளம் தோழி ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் சுற்றுத் தேநீர் தீர்வதற்குள் பேச்சு கதையை விட்டுவிட்டுப் பிரசவத்துக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் கதைக்குத் திரும்பவேயில்லை.

குனிந்து வீட்டைப் பெருக்கினால் சுகப்பிரசவம் ஆகும் என்றார் ஒருவர். "வலியெல்லாம் எதற்கு? இப்போதே நல்ல நாள் பார்த்து சிசேரியனுக்குத் தேதி குறித்துவிடு" என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டிலேயே பெற்றெடுத்த ஒரு குடும்பத்தைத் தமக்குத் தெரியும் என்றார் மற்றொருவர். பிறந்த பிள்ளைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதா கூடாதா, தூளியா தொட்டிலா, டயப்பரா துணியா, எத்தனை மாதத்தில் சோறூட்டுவது, எந்த மொழியில் கொஞ்சுவது என்று பட்டியல் நீண்டது. எங்களுள் ஒரு நாளும் வலி கண்டிராத ஆண்களே உரக்கப் பேசினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், விடைபெறும்போது எங்களுள் மூத்தவரிடம் ஒன்று கேட்டார்: "இதுல யார் சொல்றதைக் கேக்கறதுக்கா?"

எங்களில் எவரிடமும் விடை இல்லை. அந்தக் கேள்வி அன்றிரவு எல்லோருடனும் வீடுவரை வந்தது. அதன் பிறகு நாங்கள் படித்ததும், எங்களுக்குள் பேசிக்கொண்டதும், சண்டையிட்டுக்கொண்டதுமே இக்கட்டுரை. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், வளர்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளற்க. அறிவுரை சொல்வதைப் பற்றிய ஒரு யோசனை என்று கொள்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்கள் பெறப்போகிறவளுக்குச் சொல்வது கேலிக்குரிய காரியம் அன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று நம்மவர்கள் வைத்திருந்த வழக்கத்தின் பொருளே அதுதான். அம்மா, அத்தை, சித்தி, பாட்டி, பக்கத்துவீட்டு ஆச்சி என்று நான்கைந்து அனுபவசாலிகளின் நடுவே ஒரு பெண் சில மாதங்கள் இருப்பாள். வளைகாப்பன்று கூடும் கூட்டத்தில் வளையலோடு சேர்த்துக் கதைகளையும் பெற்றுக்கொள்வாள். இன்று கணவன் வேலை ஓரூரில், பிறந்த வீடு வேறூரில் என்றாகிவிட்டது. கூடவே, தானும் ஒரே பிள்ளையாக வளர்ந்து, ஒரு கைக்குழந்தையையும் தூக்கிப் பழகாமலே தாயாகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். அந்த இடைவெளியை நண்பர்களும் அலுவலகத் தோழிகளும் முகமறியாதவர்களும் நிரப்புகிறார்கள். நிரப்புவதில் தவறில்லை. எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதே கேள்வி.

அறிவுரைகளில் மிகப் பழையது "எங்கள் காலத்தில்" என்று தொடங்குவது. எங்கள் காலத்தில் ஸ்கேன் இருந்ததா? ஊசி இருந்ததா? வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் வரப்பில் பெற்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகவில்லையா? கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் ஓர் ஓட்டை உண்டு. எங்களுள் ஒருவரின் பாட்டி பத்துப் பெற்றவர். அதைப் பெருமையாகச் சொல்வார். எத்தனை தங்கின என்று பேத்தி ஒருமுறை கேட்டபோதுதான் ஆறு என்றார். மீதி நால்வரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இரண்டின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. ஒன்றுக்குப் பெயரே வைக்கவில்லை. அவருடைய தங்கை, இரண்டாவது பேற்றிலேயே போனவர், அறிவுரை சொல்ல வரவேயில்லை.

ஓட்டை இதுதான்: அறிவுரை சொல்லப் பிழைத்தவர்களே வருகிறார்கள். வரப்பில் பெற்று மறுநாள் வேலைக்குப் போனவளை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. வரப்பிலேயே இரத்தம் போய் இறந்தவளுக்குக் கதை இல்லை. எண்கள் மட்டுமே அவர்களுக்காகப் பேசுகின்றன. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020இல் அது 28. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு, 2018–20க்கான அரசுக் கணக்கின்படி, இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. எங்கள் காலத்தின் பெருமையைப் பேசுகையில் அந்த 129 பேரையும் அவையில் உட்காரவைத்துக்கொண்டு பேசுவதே நேர்மை.

இதை ஏதோ பழங்கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் தாய் வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று, குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். காணொளிகளைப் பார்த்து முயன்றதாகவும், முன்னரே அவ்வாறு வீட்டில் பெற்றுக்கொண்ட நண்பர் குடும்பம் ஊக்கம் தந்ததாகவும் அன்றைய செய்திகள் கூறின. அந்த நண்பர்களைக் கொடியவர்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. தங்களுக்கு நல்லபடியாக நடந்த ஒன்றை மனமாரப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், அவ்வளவே. மொட்டைமாடியில் நாங்கள் செய்ததும் அதுதானே? ஒருவருக்கு நல்லபடியாக நடந்தது என்பது, அது ஆபத்தற்றது என்பதற்குச் சான்று ஆகாது. பேற்றுக்குப் பிந்திய இரத்தப்போக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. ஒரு குறையும் இல்லாத உடம்பிலும் வரும். வந்தால் சில மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். அதைத் தடுக்கும் ஊசியும், மீறி வந்தால் இரத்தம் ஏற்றும் வசதியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும்.

வெளிநாட்டில் வீட்டில் பெறுகிறார்களே என்பார்கள். பெறுகிறார்கள். நெதர்லாந்தில் அது நெடுநாள் மரபு. ஆனால் அங்கே வீடு என்பது மருத்துவத்துக்கு வெளியே இருக்கும் இடமன்று. முறையாகப் பயின்று உரிமம் பெற்ற பேறுகால மருத்துவச்சி உடனிருப்பார். ஆபத்துக் குறைந்த கர்ப்பம் எது என்று சலித்தெடுத்த பிறகே வீடு. சற்றே பிசகினாலும் மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடு உண்டு. இவ்வளவு இருந்தும் கணக்கு எப்படி என்பதற்கு இங்கிலாந்தில் ஆபத்துக் குறைந்த அறுபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பேறுகளைத் தொடர்ந்து 2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று விடை தருகிறது. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு, வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்கு நேர்ந்த கேடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்திலோ, இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்து மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 என்றால் வீட்டில் 9.3. பயிற்சியும் ஏற்பாடும் உள்ள இடத்து நிலவரம் இது. காணொளியும் கணவனும் மட்டுமே துணையாக உள்ள வீட்டுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது பொருந்தாது.

அப்படியானால் மருத்துவர் சொல்வதே வேதம், மற்றவர் வாயை மூடிக்கொள்ளலாம் என்று முடித்துவிடலாமா? அதற்கும் வரலாறு இடம் தரவில்லை.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதற்பிரிவில் பிரசவக் காய்ச்சலால் பத்தில் ஒரு தாய் என்னும் அளவுக்கு இறந்த ஆண்டுகள் உண்டு. இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. இது நகரத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. முதற்பிரிவில் சேர்க்கவேண்டாம் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். தெருவில் பெற்றாலும் பெறுவோம் என்று துணிந்தவர்களும் இருந்தார்கள். அன்றைய பேராசிரியர்கள் கெட்ட காற்று என்றும் உடல்வாகு என்றும் காரணம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, படிப்பறியாத பெண்களின் வாய்ப்பேச்சு சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது: அந்த வார்டுக்குப் போகாதே. 1847இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்ததும் சாவு சடசடவென்று குறைந்தது. பெண்களின் பேச்சு ஆபத்து எங்கே என்று காட்டியது. அது ஏன் என்று காட்டியது மருத்துவரின் கணக்கு. இரண்டில் ஒன்று மட்டும் போதியிருக்காது.

நிபுணர்களும் தவறுவார்கள் என்பதற்கு இன்னொரு சான்று, குழந்தை வளர்ப்பு நூல்களில் உலகப் புகழ்பெற்ற பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல். 1946இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற அந்நூலின் 1950களின் பதிப்புகள், குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கலாம் என்றன. மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையை அடைக்குமே என்பது காரணம். தர்க்கம் சரியாகத்தான் ஒலித்தது. குப்புறப் படுத்துறங்கும் குழந்தைகளே தூக்கத்தில் திடீரென்று இறப்பது மிகுதி என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் இயக்கங்கள் தொடங்கின. அவ்வகை இறப்புகள் அடுத்து வந்த ஆண்டுகளில் பாதிக்குமேல் குறைந்தன. நல்ல மனிதர் ஒருவர், நல்ல நோக்கத்தோடு, பரிசோதிக்காமல் சொன்ன ஒரு வரி, எத்தனை தொட்டில்களைக் காலியாக்கியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

நம்மூருக்கு வருவோம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பேறுகளும், அதாவது 99.6 விழுக்காடு, மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது பெரும் சாதனை. கிராமந்தோறும் நடந்த செவிலியர்களின் கால்களுக்கு உரியது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. இந்திய அளவில் 21.5 விழுக்காடு பேறுகள் அறுவை மூலம்; தமிழ்நாட்டிலோ 44.9. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அறுவை விகிதம் பத்து விழுக்காட்டைத் தாண்டிய பின், ஒரு சமூகத்தின் தாய்சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிட்டவேண்டும், குறிப்பிட்ட ஒரு விகிதத்தை எட்டுவது நோக்கமாகக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே, இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனிப்பெண்ணிடம் போய் "உனக்கு அவசியமில்லாமல் அறுத்துவிட்டார்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மருத்துவமனைகளை நோக்கியும் அரசை நோக்கியும் கேட்கவேண்டிய கேள்வி அது. கட்டிலில் தையலோடு படுத்திருப்பவளிடம் கேட்கவேண்டியது அன்று.

சொற்களை நேசிக்கிறவர்கள் என்ற முறையில் எங்களை உறுத்தும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 'சுகப்பிரசவம்' என்கிறோம். பதினெட்டு மணிநேரம் துடித்துப் பெற்றவளிடம் அதில் எது சுகம் என்று கேட்டுப்பாருங்கள். மறுபக்கம், அறுவையில் பிறந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகையில் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. "பெற்றாள்" என்பதில்லை, "ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க" என்கிறோம். அவள் பெறவில்லையாம், மற்றவர்கள் எடுத்தார்களாம். ஒன்பது மாதம் சுமந்து, வயிறு கிழிபடச் சம்மதித்து, தையல் வலியோடு எழுந்து பாலூட்டுகிறவள், தன் பேற்றின் வாக்கியத்தில் எழுவாயாகக்கூட இல்லை. எங்களுள் ஒரு பெண் ஏழாண்டுகளாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அன்றைய மாலைக்குப் பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "பாவம், நார்மல் ஆகலையா?" என்றாராம். தாம் ஏதோ ஒரு தேர்வில் தோற்றுவிட்டதாக அன்று முளைத்த எண்ணம் இன்னமும் போகவில்லை என்றார்.

இனி எதிர்ப்பக்கம். நட்சத்திரம் பார்த்து, இராகுகாலம் கழித்து, நாழிகை கணக்கிட்டு அறுவைக்கு நேரம் குறிக்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. மருத்துவக் காரணத்தால் அறுவை என்று முடிவான பின், பத்துமணியா பதினொன்றா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் நல்ல நாளுக்காக வாரங்களைக் குறைப்பது வேறு. அவசரம் இல்லாத அறுவையை 39 வாரம் நிறைந்தபின் வைத்துக்கொள்ள மருத்துவர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம், அதற்குமுன் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு மிகுதி என்பதே. நல்ல நேரத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் பிள்ளைக்கு எந்த ஜாதகம் உதவும்?

அதேபோல, "முதலாவது சிசேரியன் என்றால் இரண்டாவதும் அதுதான்" என்பது ஒரு விதியைப்போல் சொல்லப்படுகிறது. விதி அன்று. முந்தைய தையல் எவ்வகை என்பதையும் பிறவற்றையும் பார்த்துத் தகுதியானவர்கள் என்று கண்டு, வலிக்குக் காத்திருக்கும் தாய்மாரில் நான்கில் மூவரை ஒட்டிய அளவினர் இயல்பாகவே பெறுகிறார்கள் என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டி கூறுகிறது. கருப்பைத் தழும்பு கிழியும் ஆபத்து இருநூறில் ஒன்று என்பதையும் அதே வழிகாட்டி சொல்கிறது. அதனால்தான் உடனடி அறுவைக்கு வசதியுள்ள இடத்தில் மட்டுமே அதை முயலவேண்டும். இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதே அறிவுரை. ஒன்றை மட்டும் சொல்வது ஆசைகாட்டல், அல்லது அச்சுறுத்தல்.

இப்போது தோழியின் கேள்விக்குத் திரும்பலாம். யார் சொல்வதைக் கேட்பது? கேள்வியைச் சற்றே திருப்பி, எந்த விஷயத்தில் யாரைக் கேட்பது என்று வைத்துக்கொண்டால் வழி துலங்குகிறது. வருகிற அறிவுரைகளை இரண்டு கூடைகளில் போடலாம்.

முதல் கூடை, உயிர் தொடர்பானது. இதில் பாட்டி, நண்பர், எழுத்தாளர் எவர் சொல்வதும் செல்லாது; மெய்ப்பிக்கப்பட்டதே செல்லும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்குவது (இந்திய அளவில் இது நடப்பது 41.8 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே). சேனை தொட்டுவைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தராமலிருப்பது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளைத் தாக்கக்கூடியது. ஆறுமாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது. மல்லாந்து படுக்கவைப்பது. தடுப்பூசி. தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ பூசாமல் உலர்வாக விடுவது. வசம்பும் இந்தக் கூடையில்தான் வருகிறது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு அழகான பெயர் உண்டு. ஆனால் உள்ளுக்குக் கொடுப்பதைக் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. பெயரின் அழகுக்காக வயிற்றைப் பணயம் வைக்கலாகாது. தாயின் பக்கத்தில், தலைவலியோடு கண் மங்குதல், கை முகம் வீங்குதல், இரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அது எவரிடமும் கருத்துக் கேட்கும் நேரம் அன்று. வண்டி பிடிக்கும் நேரம்.

இரண்டாவது கூடை, வாழ்முறை தொடர்பானது. தூளியா தொட்டிலா, என்ன எண்ணெய், மொட்டை எப்போது, என்ன பெயர், எந்த மொழி, வேலைக்கு எப்போது திரும்புவது, இரண்டாவது வேண்டுமா வேண்டாமா. இதில் அந்தப் பெண்ணும் அவள் துணைவரும் எடுப்பதே முடிவு. மற்றவர்கள் தங்கள் கதையைச் சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. நம்மிடையே நடப்பது பெரும்பாலும் தலைகீழ். முதல் கூடையில் இருப்பதை "அது அவரவர் நம்பிக்கை" என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவதில் இருப்பதற்கு நீதிபதி ஆகிவிடுகிறோம்.

குழந்தை வளரத் தொடங்கியதும் ஒப்பீடு தொடங்குகிறது. "எங்கள் பையன் பத்து மாதத்தில் நடந்துவிட்டான், உங்கள் பெண் இன்னுமா தவழ்கிறாள்?" இங்கே இலக்கியம் உதவிக்கு வருகிறது. நம் பிள்ளைத்தமிழ், குழந்தை வளர்ச்சியையே பருவங்களாக வகுத்துக்கொண்ட சிற்றிலக்கியம். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் ஒருகால் மடக்கித் தலை நிமிர்த்தும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் நடந்துவரும் வருகை என்று பாட்டியல் மரபு கணக்கு வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அளவீடு என்ன சொல்கிறது? துணையின்றி நடப்பது சராசரியாகப் பன்னிரண்டாம் மாதத்தை ஒட்டி. நம் புலவர்களின் கண்பார்வைக்கு இதைவிட நற்சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவீட்டின் உண்மையான செய்தி சராசரியில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. எட்டு மாதத்தில் நடந்த குழந்தையும் இயல்பே, பதினேழரை மாதத்தில் நடந்ததும் இயல்பே. நூற்றில் நான்கு பிள்ளைகள் தவழாமலேயே நடந்துவிட்டன. பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அதற்குமுன் பக்கத்துவீட்டுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள்.

இந்தப் பேச்சுகளில் எல்லாம் விடுபட்டுப்போகிறவள் ஒருத்தி உண்டு. பிள்ளை பிறந்த கணத்திலிருந்து விசாரிப்பு முழுவதும் பிள்ளையைப் பற்றியே. எடை என்ன, யார் சாயல், பால் போதுகிறதா? அவள் தூங்கினாளா என்று கேட்பார் இல்லை. இந்தியாவில் பேறுகண்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நேர்கிறது என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் "திமிர்", அல்லது "காற்று கருப்பு". பால் சுரக்கவில்லை என்று அழுகிறவளிடம் பூண்டு சாப்பிடச் சொல்லும் பத்துப்பேரில் ஒருவராவது பிள்ளையை வாங்கிக்கொண்டு "இரண்டு மணிநேரம் தூங்கு" என்று சொன்னால், அதைவிடப் பெரிய அறிவுரை இல்லை.

படித்தவற்றுள் எங்களை மிகவும் பாதித்தது இதுதான். பிரசவ வலியின்போது ஒருவர் விடாமல் உடனிருந்தால் என்ன ஆகிறது என்பதைப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளிலிருந்து தொகுத்து, 2017இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. துணை இருந்த பெண்களுக்கு வலி நேரம் சற்றுக் குறைந்தது; அறுவை குறைந்தது; பேற்றைப் பற்றிய கசப்பான நினைவும் குறைந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்றே பரிந்துரைத்துவிட்டது. அந்தத் துணை மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொள்ளவும், முதுகைத் தடவிக்கொடுக்கவும், தண்ணீர் கொடுக்கவும், "இதோ இருக்கிறேன்" என்று சொல்லவும் தெரிந்தால் போதும்.

இது நமக்குப் புதிதா? திருச்சி மலைக்கோட்டையில் குடிகொண்டிருப்பவருக்குத் தாயுமானவர் என்று பெயர். மகளின் பேற்றுக்குப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியெடுத்துத் தவித்த மகளிடம் இறைவனே தாய்வடிவில் வந்து பேறுபார்த்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்துசேரும்வரை உடனிருந்தார் என்பது தலக்கதை. நலமாகப் பெற்றவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் எங்கள் குழுவில் உண்டு. ஆனால் ஒன்றை எல்லோரும் கவனித்தோம். அந்தக் கதையில் கடவுள் ஓர் அறிவுரையும் சொல்லவில்லை. வந்தார், இருந்தார், வேலையைப் பார்த்தார், உரியவள் வந்ததும் போய்விட்டார்.

இதையெல்லாம் அந்தத் தோழியிடம் ஒரு கட்டுரையாக வாசித்துக் காட்டவில்லை. நல்லவேளை. மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஐந்தாறு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஆட்டோ வைத்திருக்கும் இரண்டு பேருடைய எண்களைக் கொடுத்தோம். பேறு முடிந்து வந்தபின், முதல் மாதம் முறைவைத்து மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முறை தவறிய ஆண்கள் இருவருக்கு அபராதமும் விதித்திருக்கிறோம்.

பிள்ளை பிறந்து பத்து நாளாகிறது. தாயும் சேயும் நலம். சுகப்பிரசவமா, சிசேரியனா என்று இதைப் படிக்கும் நண்பர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். எழுதுவதாக இல்லை. அவர் பெற்றார்.